மூன்று பேருக்கு ஒரு கீபோர்டு

பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அந்தப் பாடத்தில் வகுப்பில் முதல் மதிப்பெண் எப்போதும் எனக்குத்தான். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியிலேயே மறைக்கத் தோன்றிவிடும். அந்த இரண்டு வருடத்தில் நான் கம்ப்யூட்டரைக் கையால் தொட்டது பெரும்பாலும் துடைப்பதற்கு மட்டும்தான். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பழைய துணியால் தூசி தட்டி, திரையின் மேல் விளிம்பில் சந்தனப் பொட்டு வைத்து, குங்குமம் இட்டிருக்கிறேன். அதைத் தாண்டி என் விரலுக்கும் அந்தப் பொத்தான்களுக்கும் சம்பந்தம் இருந்ததில்லை.

பள்ளி அவிநாசிக்கும் அன்னூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. பெண்கள் பள்ளி. லேபில் பத்து கம்ப்யூட்டர். நான்கு எப்போதும் உறை போட்டு மூடிக் கிடக்கும், ஆறு ஓடும். செருப்பை வெளியே வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுப் பதினெட்டுப் பதினெட்டுப் பேராக உள்ளே போவோம். ஆக மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். முதல் நாளே மேடம் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஒருத்தி புத்தகத்தைப் பார்த்து புரோகிராமை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஒருத்தி அதைக் கேட்டு அடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் திரையில் வருகிற விடையை ரெக்கார்டு நோட்டில், இடது பக்கத்தில், பென்சிலால் எழுத வேண்டும். இங்கிலீஷைத் திக்காமல் வாசிப்பவர்கள் யார் என்று மேடம் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எதற்கும் முதலில் கையைத் தூக்கியே எனக்குப் பழக்கம். அந்தக் கையை அன்றைக்கு மடியிலேயே வைத்திருந்தால் எனக்கு இத்தனை பாடு இல்லை.

வாசிப்பதில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். நாங்கள் தமிழ் மீடியம். பைத்தான் புரோகிராமில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறிகளும். ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். "டெஃப், ஒரு இடம் விடு, ஃபேக்ட், பிராக்கெட் ஓபன், என், பிராக்கெட் க்ளோஸ், கோலன். கீழ வா. நாலு தள்ளு." நாலு தள்ளு என்றால் வரியை நான்கு இடம் உள்ளே தள்ளி ஆரம்பிக்க வேண்டும் என்று அர்த்தம். அது எங்கள் லேபில் நாங்களே வைத்துக்கொண்ட சொல். என் குரல் தெளிவாக இருக்கும் என்பதால் பக்கத்து கம்ப்யூட்டர்க்காரிகளும் என்னைக் கேட்டே அடித்தார்கள். கொஞ்ச நாளில் ஆறு கம்ப்யூட்டருக்கும் நான் ஒருத்தியே வாசித்தேன். மேடத்துக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. பாவம், அவரை அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர் பள்ளியில் அவர் ஒருவர்தான். வருகைப் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், இலவச சைக்கிள் பட்டியல் எல்லாவற்றையும் அவர்தான் ஏற்ற வேண்டும். எங்களுக்கு அடிக்கச் சொல்லித்தர வேண்டியவர் முழு நேரமும் அலுவலகத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு முறை அவசரமாக எட்டிப் பார்த்து, மாறி மாறி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். யாரும் மாறவில்லை. பீரியட் முடிவதற்குள் ரெக்கார்டு முடிய வேண்டுமே.

உண்மையைச் சொன்னால், மாற எனக்கும் மனமில்லை. எங்கள் மூவரில் அடிக்கிறவள் மேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரமே இருந்தது. அவள் என் நெருங்கிய தோழிதான், ஒரே பஸ், ஒரே பெஞ்சு. ஆனால் பரீட்சையில் பாஸ் மார்க்கை ஒட்டித்தான் எடுப்பாள். நான் சொல்வதை அவள் செய்கிறாள், கம்ப்யூட்டரும் நான் சொல்வதைத்தான் செய்கிறது என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன். அறிவு என் பக்கம், வேலை அந்தப் பக்கம். பதினாறு வயதில் இவ்வளவு திமிர் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. எங்கள் வகுப்பே அப்படித்தான் நினைத்தது. கம்ப்யூட்டர் என்பது எங்களுக்கு வரலாறு மாதிரி ஒரு பாடம். வகைகள் எத்தனை, நினைவகம் எத்தனை, வேறுபாடு ஐந்து எழுதுக. மொபைல் அதில் சேர்த்தி இல்லை. ஒன்பதாவது படிக்கும்போது கொரோனாவால் பள்ளி மூடி, அப்பாவின் போனில்தான் பாடம் நடந்தது. அதற்குப் பிறகு போனில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அம்மாவுக்குக் கேஸ் பதிவு செய்வது, மாமா ஊட்டுக் கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்த்து அனுப்புவது, எல்லாம் நான்தான். கட்டைவிரல் இரண்டும் அப்படிப் பறக்கும். ஆனால் அதை யாரும் படிப்பு என்று சொன்னதில்லை. போனை நோண்டுகிறாள் என்றுதான் சொன்னார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். போன் என்றால் திட்டு வாங்குவதற்கு, கம்ப்யூட்டர் என்றால் மார்க் வாங்குவதற்கு.

பிளஸ் டூ அரையாண்டுக்கு முன்னால் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் இருந்து நான்கைந்து மாணவர்கள் கத்தையாகத் தாள் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார்கள். தொழில்நுட்பத்தைப் பற்றியும் பள்ளியில் அதைக் கற்றுத்தருவது பற்றியும் மாணவிகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேள்விகள். பெயர் எழுத வேண்டாம், மனதில் பட்டதை டிக் அடித்தால் போதும் என்றார்கள். நான்காவது கேள்வி: உங்களால் தனியாகக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த முடியுமா? மிக நன்றாக, ஓரளவு, முடியாது. நான் 'மிக நன்றாக' என்பதில் டிக் அடித்தேன். பெயரே இல்லாத தாளில், மார்க்கும் போடாத தாளில், எதற்குப் பொய் சொன்னேன்? பயம் என்னைப் பிடித்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் எட்டிப் பார்த்தேன். என் தோழி, தினமும் அடிக்கிறவள், 'முடியாது' என்பதில் டிக் அடித்திருந்தாள். ஏன்டி என்று கேட்டேன். நீ வாசிக்கலைன்னா எனக்கு என்ன தெரியும் என்றாள்.

ஜனவரியில் பொங்கல் லீவு முடிந்து வந்ததும் செய்முறைத் தேர்வுத் தேதியைச் சொன்னார்கள். தேர்வு நடத்த வேறு பள்ளியில் இருந்து எக்ஸ்டர்னல் வருவார், சீட்டு எடுக்க வேண்டும், வந்த கேள்விக்குப் பேப்பரில் புரோகிராம் எழுதிக் காட்டிவிட்டு, அதையே கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். மேடம் இதைச் சொல்லிவிட்டு, "ஒரு சிஸ்டத்துக்கு ஒருத்தர்தான் உக்காரோணும்" என்றார். வகுப்பில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குக் காது அடைத்துவிட்டது.

அடுத்த பிராக்டிகல் வகுப்பில் தோழியிடம், இன்றைக்கு நான் அடிக்கிறேனே என்று கேட்டேன். சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவள் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். எழுத்துகள் இருக்கும் வரிசை போனில் இருப்பதுதான், அது தெரிந்ததும் பெரிய நிம்மதி. ஆனால் போனில் என் கட்டைவிரல்களுக்கு எட்டிய இடமெல்லாம் இங்கே ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. நான்கு எழுத்து அடிப்பதற்குள் பின்னால் இருந்து குரல் வந்தது. "ஏய், வாசி. நாங்க நின்னுட்டிருக்கோம்." ஐந்து கம்ப்யூட்டர்க்காரிகளும் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். நான் எழுந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். ஆறு கம்ப்யூட்டருக்கும் நான் வாசித்ததில் எவ்வளவு பெருமைப்பட்டேனோ அவ்வளவும் அன்றைக்குக் கழுத்தில் கயிறாக விழுந்தது. மேடத்திடம் போய் எனக்கு அடிக்க வராது என்று சொல்லியிருக்கலாம். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள் இதை எப்படிச் சொல்வாள்?

வீட்டில் பழகினேன். பனியன் பெட்டி அட்டையைக் கிழித்து, பாடப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துக் கீபோர்டை வரைந்தேன். எழுத்து, எண், மேலே இருக்கும் குறிகள், எதையும் விடவில்லை. அடுக்களை மூலையில் உட்கார்ந்து அட்டையைத் தட்டிக்கொண்டிருப்பேன். அட்டையில் ஒரு சங்கடம், நாம் அடித்தது சரியா தப்பா என்று அது சொல்லாது. எல்லாமே சரி என்றுதான் படும். அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டு, இது என்ன கோலமா என்று கேட்டார். பரீட்சைக்கு ரிவிஷன் என்றேன். பரீட்சை என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

அப்பா கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் சிஎன்சி ஓட்டுகிறார். இரும்பைச் சொன்ன அளவுக்குத் தானே கடைந்து தரும் மிஷின் அது. பக்கத்தில் சின்னத் திரை, அதன் கீழே எண்ணும் எழுத்துமாகப் பொத்தான்கள். எட்டாவது வரை படித்த அப்பா ஒற்றை விரலால் அந்தப் பொத்தான்களை அழுத்தி அளவுகளை ஏற்றுவார். அதைக் கம்ப்யூட்டர் என்று அவரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. யார் கேட்டாலும், எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாதுங்க, பொண்ணுதான் படிக்குது என்பார். பட்டறையில் அத்தனை பேருக்கும் என் ரேங்க் தெரியும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கண் பரிசோதனைக்காக அப்பாவுடன் கோயமுத்தூர் போனேன். போகிற வழியில் பட்டறையில் இறங்கினோம். அங்கே ஆபீசில் டைப் அடிக்கிற அக்கா சொந்தத்தில் காதுகுத்து என்று லீவு. ஓசூர்க் கம்பெனிக்கு உடனே ஒரு லெட்டர் போயாக வேண்டும் என்று முதலாளி தவித்துக்கொண்டிருந்தார். அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

"என்ற பொண்ணு கம்ப்யூட்டர்தானுங்க படிக்குது. அது அடிச்சுப்போடுமுங்க."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தக் கீபோர்டு என் முன்னால் கறுப்பாகப் படுத்திருந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது.

"எங்க ஸ்கூல்ல இருக்கறது வேற மாடலுங்க. இதுல கை வெச்சா ஏதாச்சும் அழிஞ்சு போயிருமுங்க."

மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். நடந்தது வேறு. பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பழகாத மிஷினில் கை வைப்பவனை அவர்கள் மதிக்கவே மாட்டார்கள். அதில் விரல் போனவர்களை அவர்களுக்குத் தெரியும். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தீங்களா, தெரியாத மிஷினைத் தொட மாட்டாள் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளியும் தலையை ஆட்டி, பொறுப்பான பிள்ளை என்றார். ரிசல்ட் வரட்டும், லீவில் இங்கே ஆபீசில் வந்து உட்காரட்டும், டிசைன் வேலை பழகிக்கொள்ளட்டும், வேலையைப் பார்த்துவிட்டுக் காலேஜ் சீட்டுக்கு நானே சொல்கிறேன் என்றார். அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தார். சரவணம்பட்டி டிராஃபிக்கில் பஸ் நின்றபோதுகூட நிறுத்தவில்லை. கண் டாக்டர் என்ன சொன்னார் என்பதையே அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டார். பரீட்சையில் பிடிபட்டால் மார்க் போகும் என்பது மட்டும் இல்லை இப்போது. காலேஜ் போகும், பட்டறையில் அப்பா நிமிர்த்தி வைத்திருந்த தலை தாழும்.

தேர்வு நாள் காலையில் இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு இரண்டையும் வாந்தி எடுத்தேன். அம்மா திருநீறு பூசிவிட்டார். பள்ளிக்கு எட்டரைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். மேடம் எங்களை லேபுக்குள் நிற்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார். எல்லா சிஸ்டத்திலும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் எல்லா புரோகிராமும் நம்பர் போட்டு இருக்கிறது. பேப்பரில் எழுதிவிட்டு வந்து உங்கள் நம்பரைத் திறந்து ஓட்டிவிட்டு எக்ஸ்டர்னலைக் கூப்பிட வேண்டியதுதான், வேறு எதையும் தொட வேண்டாம். எப்படித் திறப்பது, எதை அழுத்தினால் ஓடும் என்று எல்லோருக்கும் ஒரு முறை காட்டினார். யாரும் ஆச்சரியப்படவில்லை. முந்தைய வருட அக்காக்கள் சொல்லியே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை, முதல் மார்க் வாங்குகிறவளுக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். ஒரு மாதமாக நான் செத்துப் பிழைத்தது வீண் என்று தெரிந்து அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

பக்கத்து வகுப்பறையில் சீட்டு எடுத்தோம். எனக்கு வந்தது நான் நூறு முறை வாசித்த புரோகிராம். பத்து நிமிடத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தேன். ஆறு ஆறு பேராக லேபுக்குள் அனுப்பினார்கள். என் தோழி எனக்குப் பக்கத்து சிஸ்டம். நம்பரைத் திறந்தேன், மேடம் காட்டியபடி அழுத்தினேன், விடை திரையில் வந்தது. கை தூக்கினேன்.

எக்ஸ்டர்னல் வயதானவர் இல்லை, கடுமையானவரும் இல்லை. என் பேப்பரைப் படித்துவிட்டு, ரொம்ப நல்லா எழுதியிருக்கே என்றார். அப்புறம் திரையைப் பார்த்தார். எல்லோருடைய திரையிலும் ஓர் எழுத்துகூட அடிக்காமலே விடை வருவதை அவரும் பார்த்திருப்பார் அல்லவா.

"விடைக்கு முன்னால உன் பேரு வரணும். ஒரே ஒரு வரி. சேத்திக் காட்டும்மா."

"பிரிண்ட், பிராக்கெட் ஓபன், டபுள் கோட்ஸ், பேரு, டபுள் கோட்ஸ், பிராக்கெட் க்ளோஸ் சார்." கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன்.

"சரியாச் சொல்ற. அடி."

என் கட்டைவிரல்கள்தான் முன்னால் வந்தன. பிரிண்ட் என்ற சொல்லின் ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தேன். அடுத்தது பிராக்கெட். போனில் குறிகள் எல்லாம் வேறு பக்கத்தில் இருக்கும், அங்கே போக ஒரு பொத்தான் உண்டு. இங்கே அந்தப் பொத்தானைக் காணவில்லை. பிராக்கெட் ஒன்பதாம் எண்ணின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அழுத்தினேன், ஒன்பது வந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: போனில் ஓர் எழுத்தின் மூலையில் குறி இருந்தால் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், குறி தானே மேலே வரும். ஒன்பதின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

ஒன்பதுகள் ஓட ஆரம்பித்தன. வரி நிறைய ஒன்பது. பதறிப்போய் இன்னும் அழுத்தினேன். திரையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஒன்பது ஒன்பதாகப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் தோழி தன் கையை என் பக்கம் நீட்டப் பார்த்து, எக்ஸ்டர்னல் நிற்பதால் இழுத்துக்கொண்டாள். அவர் குனிந்து என் விரலைக் கீபோர்டில் இருந்து எடுக்கச் சொன்னார்.

மேடம் ஓடி வந்தார். நன்றாகப் படிக்கிற பொண்ணுங்க சார், பயத்தில் கை நடுங்குகிறது என்றார். அவர் முகத்தில் அவ்வளவு கெஞ்சல். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், முடிந்துவிடும். ஆனால் அந்த அட்டையும் பட்டறையும் அந்த நான்காவது கேள்வியும் எல்லாம் சேர்ந்து எனக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று.

"பயமில்லைங்க சார். எனக்கு அடிக்கத் தெரியாதுங்க. ரெண்டு வருசமா நான் வாசிக்க மட்டுந்தானுங்க செஞ்சேன்."

எக்ஸ்டர்னல் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், ஆறு சிஸ்டத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நின்றேன். அவர் மணியைப் பார்த்தார். வெளியே இன்னும் இருபத்துச் சொச்சம் பேர் காத்திருந்தார்கள். என் பேப்பரில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு, சரி, எழுந்திரும்மா, அடுத்த ஆள் வரட்டும் என்றார். என்ன மார்க் போட்டார் என்று தெரியவில்லை. பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மத்தியானம் அவருக்கு அவிநாசியில் இருந்து சாப்பாடு வந்தது. தலைமை ஆசிரியை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தலைமை ஆசிரியையும் மேடமும் அவரும் வெகு நேரம் பேசினார்கள். நான் வேப்பமரத்தடியில் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மேடம் என்னைக் கடந்து போகும்போது நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏங்கண்ணு அப்படிச் சொல்லிப்போட்ட" என்று மட்டும் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அவர் நிரந்தர வேலையில் இல்லை, பெற்றோர் சங்கம் வைத்த ஆள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு தெரிந்தபோது, என் வாயால் அவர் வேலை போயிருக்குமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

ரிசல்ட் வரும் வரை அத்தனை நாளும் இந்த இரண்டு பயமும் மாறி மாறி என்னைத் தின்றன. எழுத்துத் தேர்வுகளை எப்படி எழுதினேன் என்றே நினைவில்லை. செய்முறையில் சைபர் போட்டிருப்பார் என்று ஒரு நாள் தோன்றும், ஏழு எட்டாவது போட்டிருப்பார் என்று மறுநாள் தோன்றும். இப்போது நான் பத்து விரலாலும் அடிக்கிறேன். ஆனால் யாராவது பின்னால் வந்து நின்றால் விரல் நின்றுவிடும், ஒன்பதைத் தாண்டிப் போகாது.

ரிசல்ட் அன்று அப்பா வேலைக்குப் போயிருந்தார். போனும் அவரிடம். அவரே பார்த்து, பட்டறைக்குப் பக்கத்தில் பிரிண்டும் எடுத்து, முதலாளியிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். கையில் இருக்கும் ஆயில் கறை பட்டுவிடக்கூடாது என்று தாளைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸில் எழுத்துத் தேர்வு எழுபதுக்கு அறுபத்தெட்டு. அகமதிப்பீடு பத்துக்குப் பத்து. செய்முறை இருபதுக்கு இருபது.

முதலில் நான் நம்பவில்லை. தோழியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கும் இருபது. ஒரு ஒன்பதுகூட அடிக்காதவளுக்கும் இருபது, திரை முழுக்க அடித்தவளுக்கும் இருபது. வகுப்பில் முப்பத்தாறு பேருக்கும் இருபதுதான். மேடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. அத்தனை பேர் முன்னால் ஒருத்தி எனக்குத் தெரியாது என்று சொல்கிறாள், அதைக் காதில் வாங்கிக்கொண்டு இருபது போட்டிருக்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா, திங்கட்கிழமையே ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார் முதலாளி என்றார். அம்மா கேசரி கிளறப் போனார். நான் அப்பாவின் எதிரே உட்கார்ந்து, எனக்குக் கம்ப்யூட்டரில் அடிக்கத் தெரியாது என்று சொன்னேன். அவர் சிரித்தார். கவரின் மேல் விரலை வைத்தார்.

"இருபதுக்கு இருபது போட்டிருக்குது கண்ணு. தெரியாமயா போடுவாங்க?"

"எல்லாருக்கும் போட்டிருக்காங்கப்பா. நெசமாத் தெரியாதுங்கப்பா. அன்னிக்கு வேற மாடல்னு சொன்னதும் பொய்யுங்க."

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. தாளை எடுத்து இன்னொரு முறை படித்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். எக்ஸ்டர்னலிடம் சொன்னேன் என்றேன். அவர் என்ன சொன்னார் என்றார். அவர்தான் இருபது போட்டார் என்றேன். அடுக்களைப் பக்கம் திரும்பி அம்மா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

"அப்ப இனி யாருகிட்டயும் சொல்லாத கண்ணு. உங்கம்மாகிட்டயும்."

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் பஸ்ஸில் அவரோடு போனேன். எப்போதும் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வருபவர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கணபதியில் இறங்கியதும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பட்டறை வாசலில் என்னை முன்னால் விடாமல், தானே முதலில் உள்ளே போய் ஆபீஸ் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதுவரை எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேர்.